பக்கத்துக்குத்தானே!



கொஞ்சம் நீளமான பதிவுதான். வளர்கிற பிள்ளை வீட்டில் இருக்கிற வாப்பாமார், உம்மாமார், என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை கடைசி வரை வாசித்துவிடுங்கள். இரண்டு வருடமாக ஊருக்குச் சொல்லாமல் நான் வைத்திருந்த ஒரு விஷயமும் இதில் இருக்கிறது.

கடந்த வாரம் எனக்குப் பாடசாலை வாசல் கடமை. காலை ஏழு மணியிலிருந்து மணி அடிக்கும் வரை அங்கேதான் நின்றேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிற மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. வாப்பா ஓட்டுகிறார். முன்னால் பெற்றோல் டாங்கியில் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளைகள், கடைசியில் உம்மா, அவர் கையில் குழந்தை. ஹெல்மட்டும் இருக்கிறது. ஒன்றில் கண்ணாடியில் தொங்குகிறது, இல்லாவிட்டால் வாப்பாவின் முழங்கையில் கிடக்கிறது. ஹெல்மட்டைத் தலையில் போட்டு வந்தவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். பின்னால் இருந்து வந்த பிள்ளைகளில் ஹெல்மட் போட்ட ஒருவரையும் அந்த வாரம் முழுக்க நான் காணவில்லை.

ஒருவரை மறித்தேன். என்னிடம் படித்தவர்தான். "என்ன தம்பி, ஹெல்மட் கையிலயா போடுற சாமான்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்துக்குத்தானே சேர்."

இந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் கரையோரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சில இடங்களில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஏ4 வீதி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வந்து மட்டக்களப்புக்குப் போகிற நெடுந்தூர வீதி அது. அந்த வீதிதான் எமக்குக் கடைத்தெருவும். கொழும்பு பஸ்ஸும் சீமெந்து லொறியும் ஓடுகிற அதே வீதியைத்தான் உம்மா மரக்கறி வாங்கவும், பிள்ளை ரியூஷனுக்குப் போகவும், மூத்தப்பா மஃரிபுக்குப் போகவும் கடக்கிறார்கள்.

ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. பஸ் பிரதான வீதியில் மட்டும் ஓடுகிறது. உள்வீதிகளில் இருக்கிறவர்களுக்கு மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் இல்லாமல் நாள் போகாது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்தான். ஆகவே பைக்கை விற்றுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானும் பைக்கில்தான் பாடசாலைக்குப் போகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே நாம் கண்டிக்கோ கொழும்புக்கோ வாகனத்தில் போனால் வேறு மனிதர்களாகிவிடுகிறோம். பெல்ட் போடுகிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், டயருக்குக் காற்று அடிக்கிறோம், பிரயாண துஆ ஓதுகிறோம், போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குக் கோல் எடுத்துச் சொல்கிறோம். ஊருக்குள் இவை ஒன்றும் இல்லை. காரணம் பக்கத்துக்குத்தானே.

பதினான்கு வயதுப் பிள்ளை வாப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பாண் வாங்கப் போகிறான். பக்கத்துக்குத்தானே. வயலிலிருந்து நெல் ஏற்றிய பெட்டியோடு உழவு இயந்திரம் மஃரிபுக்குப் பிறகு வருகிறது, பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லை. பக்கத்துக்குத்தானே. ராத்தாமார் அபாயாவை ஒதுக்கிப் பிடிக்காமல் பைக்கின் பின்னால் ஒரு பக்கமாக இருக்கிறார்கள், துணி பின்சில்லுக்குப் பக்கத்தில் பறக்கிறது. பக்கத்துக்குத்தானே. ஜும்ஆவுக்குப் பிந்தி வந்தவர் வாகனத்தைப் பிரதான வீதியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறார். அவருக்கு அது ஐந்து நிமிடம். அந்த வாகனத்தைச் சுற்றிக்கொண்டு நடுவீதிக்கு வருகிற சைக்கிள்காரருக்கு அது உயிர்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தரம் 10 பிள்ளைகளும் செய்யக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். பைக்கில் இருக்கிறவரின் தலை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பைக் நின்ற நிலையிலேயே சரிந்து, தலை அந்த உயரத்திலிருந்து நேரே விழுந்தால், நிலத்தில் அடிபடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு. பைக் ஓடவே இல்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடந்துவிடுகிறோம். ஓர் ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு செக்கனாவது போகும். அந்தப் 11 மீற்றருக்குள் எங்கள் உள்வீதிகளில் இரண்டு வீட்டு வாசல் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது எங்கேயும் இல்லை. கொங்கிரீட் வடிகானின் விளிம்புக்கு நீங்கள் கடைக்குப் போனீர்களா கண்டிக்குப் போனீர்களா என்று தெரியாது. ஹெல்மட் போட்டால் மரணம் ஏற்படும் ஆபத்து 40 சதவீதமளவும் தலைக்காயம் ஏற்படும் ஆபத்து 70 சதவீதமளவும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதுவும் பட்டியைப் பூட்டினால்தான். பூட்டாத ஹெல்மட் நாம் விழும் முன்பே பறந்துவிடும்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். வினாத்தாள் ஆறு குறைந்துவிட்டது. போட்டோகொப்பிக் கடை பாடசாலையிலிருந்து 400 மீற்றர் இருக்கும். முன் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "சேர், நான் எடுத்துட்டு வாறன்" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை. கணிதத்தில் எப்போதும் முதலாவது. எந்த வேலைக்கும் முதலில் எழும்புகிறவனும் அவன்தான். "நடந்து போனா நேரம் போயிரும், இந்தா சாவி, கெதியா வா" என்று என் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குப் பதினாறு வயது. லைசன்ஸ் எடுக்கப் பதினெட்டு ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஹெல்மட் நான் காலையில் கழற்றித் தொங்கவிட்டபடி கண்ணாடியில் கிடந்தது. அதைப் போடச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஒரு குறுக்கு வீதியிலிருந்து சின்னப் பிள்ளை ஒன்று சைக்கிளோடு வெளியே வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையில் மோதாமல் இவன் வெட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. இவனுடைய தலை வடிகான் விளிம்பில் அடிபட்டது. ஆறு வினாத்தாளும் வீதியில் கிடந்தன. நான் ஓடிப்போனபோது ஒருவர் அவற்றைப் பொறுக்கி என் கையில் தந்தார். அவற்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

பதினொரு நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், உயிர் மீண்டது. இடது காது இப்போது கேட்பதில்லை. தொடர்ந்து இரண்டு பக்கம் வாசித்தால் தலையிடி வந்துவிடும். அந்த வருடம் பரீட்சை எழுத முடியவில்லை. அடுத்த வருடம் எழுதிச் சித்தியடைந்தான். ஆனால் கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டான். இப்போது ஒரு புடவைக் கடையில் நிற்கிறான்.

அவனுடைய வாப்பா மீன் வியாபாரம் செய்கிறவர். மூன்று வாரம் தொழிலுக்குப் போகாமல் வாட்டு வாசலில் இருந்தார். நான் போய் அவருக்கு முன்னால் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க சேர்? அல்லாஹ்ட நாட்டம்" என்றார். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஊரில் வேறொன்றும் நடந்தது. விபத்து நடந்த அன்றே எனக்கு வேண்டிய ஒருவர் தனியே கூப்பிட்டு, "சேர், பொடியன் கேக்காம எடுத்துட்டுப் போனான் எண்டு சொல்லுங்க. சாவியக் குடுத்த எண்டு சொன்னா உங்கட தொழிலுக்குப் பிரச்சினை" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் அப்படிச் சொன்னபோது மறுக்கவும் இல்லை. வாய்மூடி இருந்தேன். இரண்டு வாரத்தில் அதுவே ஊரின் கதையாகிவிட்டது.

போன மாதம் நோன்பு பிடித்த ஒரு வியாழக்கிழமை, பிள்ளைக்கு உடுப்பு எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். அவன்தான் துணியை மடித்துத் தந்தான். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "சேர், நான் களவா எடுத்த எண்டு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒருக்கா சொல்லிருங்களன்."

அவன் அவ்வளவுதான் கேட்டான். காதைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை.

அவனிடமும் அவனுடைய வாப்பாவிடமும் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதிபரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். இப்போது ஊருக்கும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை சாவியைக் களவெடுக்கவில்லை. கொடுத்தது நான். வரவேண்டியது எனக்கு வரட்டும்.

என் கதையை வைத்து ஊரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அன்று நடந்ததில் என் பிழை மட்டும் இல்லை, நம்முடைய ஒரு பழக்கமும் இருக்கிறது. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். விபத்து நடந்தால் இரண்டு குடும்பமும் இருந்து பேசி, "நம்மட ஊர் ஆக்கள்தானே" என்று முடித்துவிடுகிறோம். பொலிஸ் பிள்ளைகளை மறித்தால் உடனே யாரோ ஒரு பெரியவருக்குக் கோல் போகிறது, பைக் திரும்பி வந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன விளங்குகிறது? சட்டம் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது என்று விளங்குகிறது. பேசி முடிப்பது நல்ல குணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எது பிழை என்று ஒருவரும் சொல்லாமல் முடிக்கிற சமாதானத்தில் அடுத்த விபத்துக்கு இடம் வைத்துவிட்டுத்தான் எழும்புகிறோம். என் விஷயத்தில் அந்தச் சமாதானத்தின் விலையை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் பெயரால் கட்டினான்.

இன்னொன்று, "அல்லாஹ்ட நாட்டம்" என்ற சொல். அந்த வாப்பா அதைச் சொன்னபோது அது பொறுமை. அதையே நான் சொன்னால் அது தப்பித்தல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். கட்டாமல் விட்டுவிட்டுக் கத்ரின் மீது பழியைப் போட நமக்கு அனுமதி இல்லை. பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதில் மத்ரஸாவில் ஓதினோம். கல்லையும் முள்ளையும் அகற்றுகிறோம். லைசன்ஸ் இல்லாத பிள்ளையையும் விளக்கில்லாத பெட்டியையும் பாதையில் நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

கடலைப் பற்றி இந்தக் கரையோரத்துக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 எல்லா வீட்டிலும் இருக்கிறது. அன்று நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம், அதில் எமது அம்பாறை மாவட்டத்தின் பங்கு மிகப் பெரியது. இந்த நாட்டின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு போன இருபது வருடத்தையும் கூட்டிப் பாருங்கள். கடல் ஒரே நாளில் கொண்டுபோனதைவிட அதிகமானவர்களை வீதி கொண்டுபோய்விட்டது. ஒன்று ஒரே காலையில் வந்ததால் அழுதோம். மற்றது ஒவ்வொரு ஜனாஸாவாக வருவதால் பழகிவிட்டோம்.

மாற முடியாது என்கிறவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்துகிறேன். பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றோம். கியூஆர் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றரை வைத்துக்கொண்டு யாராவது பாண் வாங்கப் பைக்கை எடுத்தோமா? பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தோம். பள்ளிக்கு நடந்து போனோம். போகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்தோம். சுபஹுக்கு நடந்து போன சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்களிலும் நாம் சொன்னது இதே சொல்தான்: "பக்கத்துக்குத்தானே, நடந்து போவம்." அடுத்த வருடம் கியூஆர் போனது, நடையும் போய்விட்டது.

அந்தச் சொல் பிழையில்லை. நாம் அதைப் பாவிக்கிற இடம்தான் பிழை. பக்கத்துக்கு என்றால் நடக்கலாம், சைக்கிளில் போகலாம். பைக்கைத் தொட்டால் தூரம் எவ்வளவாக இருந்தாலும் ஹெல்மட், லைசன்ஸ், விளக்கு, பிரேக் எல்லாம் வேண்டும்.

நாளைக்கே செய்யக்கூடிய சில விஷயங்கள்:

வாப்பாமாருக்கு: பைக் சாவியைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடாதீர்கள். பிள்ளை அழுதாலும், உம்மா சிபாரிசு செய்தாலும் பதினெட்டு வயதுக்கும் லைசன்ஸுக்கும் முன் கொடுக்காதீர்கள். லைசன்ஸ் இல்லாத பிள்ளை ஒருவரை மோதினால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். அப்போது விற்பது உங்கள் காணியைத்தான்.

உம்மாமாருக்கு: "கடைக்கு ஓடிப் போய்ட்டு வா" என்று சொல்லும்போது, எதில் போகிறான் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெருநாளைக்குப் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கிற காசில், அவன் தலைக்கு அளவான ஹெல்மட் ஒன்றும் எடுங்கள். பின்னால் இருக்கிறவரும் ஹெல்மட் போட வேண்டும் என்பது சட்டம்.

வயல் செய்கிற காக்காமாருக்கு: பெட்டியின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. அதற்கு முடியாவிட்டால், வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். ஒரு மூடை நெல்லின் காசுகூடப் போகாது.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு: ஜும்ஆ நேரத்தில் பிரதான வீதியை வெறுமையாக வைக்க இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். வருடத்தில் ஒரு குத்பாவை வீதிக்கு ஒதுக்குங்கள். நம் ஊரில் ஒரு பொலிஸ்காரர் சொல்வதைவிடக் கதீப் சொல்வதை அதிகம் பேர் கேட்பார்கள்.

ரியூஷன் வகுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு: பாடசாலைச் சீருடை வயதுப் பிள்ளை பைக்கில் வந்தால் உள்ளே எடுக்காதீர்கள். ஒருவர் செய்தால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுவான். எல்லோரும் சேர்ந்து செய்தால் சைக்கிளில் வருவான்.

ஆசிரியர்களுக்கு: எந்தப் பிள்ளையிடமும் சாவியைக் கொடுக்காதீர்கள். வினாத்தாள் குறைந்தால் குறையட்டும். இரண்டு பிள்ளைகள் ஒரு தாளைப் பார்த்து எழுதட்டும். அன்று நானும் அதைச் செய்திருக்கலாம். அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

பெரியவர்களுக்கு: பிள்ளையைப் பொலிஸ் பிடித்தது என்று கோல் வந்தால் தயவுசெய்து அந்த ஒரு கோலை மட்டும் எடுக்காதீர்கள். அன்று அவன் கட்டுகிற தண்டப்பணம் அவனுடைய உயிரைவிட மலிவு.

என்னைத் திட்டி எழுத நினைக்கிறவர்கள் கீழே எழுதலாம், அழிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்தவர்கள் பெயரைப் போட வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது அவனுக்கு ஸலாம் சொல்லுங்கள். வலது பக்கமாக நின்று சொல்லுங்கள், இடது காது கேட்காது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அவர்களைப் பாதுகாக்கிற பொறுப்பை நம்மிடம் தந்திருக்கிறான் என்பதையும் நமக்கு விளங்கச் செய்வானாக. ஆமீன்.